அறுபத்தைந்து மில்லிமீட்டர்

கண்ணாடியை இறக்குங்கள் மேடம். ஏசியைப் போட்டுக்கொண்டு எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பீர்கள்? பாலத்துக்குப் புதுசா? பார்த்தாலே தெரிகிறது. வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறீர்கள், அந்தப் பக்கக் கதவைத் திறக்கவே முடியாது. ஒரு ஆள் இறங்குகிற அளவு இடம் விட வேண்டும். இது எனக்கு மூன்றாவது சீசன். மாம்பழ சீசன் மாதிரி எங்கள் பக்கத்தில் இது பாலம் சீசன்.

ஆமாம், வெயில்தான். மண்டையைப் பிளக்கிற வெயில்தான். எனக்கும் கண் இருக்கிறது. வெயில் அடிக்கிற அன்றைக்கு ஏறினால்தான் வேளச்சேரிப் பாலத்தில் இடம் கிடைக்கும். மேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தவர்கள் போன பெரிய வெள்ளத்தில் காரை எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பக்கத்துத் தெருவில். தண்ணீரே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தது. உங்களைவிட நன்றாக.

உங்களுக்கு யார் சொன்னது, வாட்ஸப்பா? “நம்பத் தகுந்த தகவல். நம் தெருக்களில் வெள்ள மட்டம் அறுபத்தைந்து சென்டிமீட்டர். கார் வைத்திருப்பவர்கள் உடனே பாலத்துக்குச் செல்லவும்.” அதுதானே? கடைசியில் கூப்பிய கை இரண்டு இருந்ததா? அது நான் போட்டதுதான். நன்றியெல்லாம் வேண்டாம். எங்கள் தெருக் குழுவில்தான் போட்டேன், அரை மணியில் உங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது பாருங்கள். எண்ணிப் பார்த்தேன். உங்களோடு சேர்த்து முப்பத்தொரு கார்.

நம்பத் தகுந்தவர் யார் என்கிறீர்களா? என் மாப்பிள்ளை. பிரசன்னா என்று பேர். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் அவருக்கு. ஆனால் நான் கேட்டுக்கொண்டதற்காக அக்டோபரிலிருந்து தினம் எனக்கு மழை நிலவரம் அனுப்புகிறார். ஏரியில் எத்தனை அடி, எவ்வளவு திறந்துவிட்டார்கள், எல்லாம் முதல் எழுத்து முதல் எழுத்தாக. ‘குட் மார்னிங் அத்தை’ என்பதையே ‘ஜி.எம்.ஏ.’ என்று எழுதுகிற மனிதர். இன்றைக்குப் பதினொன்றரைக்கு வந்தது: ‘எஃப்.எல். 65 மி.மீ. ஆவரேஜைவிடக் கொஞ்சம் அதிகம். பயப்பட ஒன்றுமில்லை.’

எஃப்.எல். என்றால் ஃபிளட் லெவல். கான்வென்ட்டில் படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது? ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றால் என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். போன வெள்ளத்துக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார்.

அதில் ஒரே ஒரு தப்பு இருந்தது. மில்லிமீட்டர். அறுபத்தைந்து மில்லிமீட்டர் தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்காது. அதற்குப் போய் ஒருத்தர் ஆபீஸ் நேரத்தில் மெசேஜ் போடுவாரா? அவசரத்தில் சென்டிமீட்டருக்குப் பதிலாக மில்லிமீட்டர் அடித்துவிட்டார். நான் திருத்திப் போட்டேன். எங்களுக்குக் கணக்கு எடுத்தது சிஸ்டர் பெர்னதெத். விடையில் அளவு எழுதாவிட்டால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று வைப்பார். “அறுபத்தஞ்சு என்ன? அறுபத்தஞ்சு கத்திரிக்காயா?” அவரிடம் படித்த கை இது. அளவு தப்பாது.

எப்போது கிளம்புவேன் என்கிறீர்களா? என்னை என் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவார். நான் காரை மேலே நிறுத்துவேன், அவர் ஸ்கூட்டரில் வந்து என்னைக் கீழே இறக்குவார். தயாளன் என்று பேர், ஆள் ரொம்ப நிதானம். அவருக்குத்தான் மேடம் மனசு சரியில்லை. இரண்டு வருஷமாக ஒரே புலம்பல். மழையைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. எனக்குப் பயமாம். எனக்கென்ன பயம்? நான் ஜாக்கிரதை. ஜாக்கிரதைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என்ன செய்துவிட்டேன்? எங்களுடையது தரைத்தள வீடு. ஃபிரிட்ஜை நாலு கான்கிரீட் கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். பால் எடுக்க ஸ்டூல் போட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ், மகளுடைய சர்ட்டிஃபிகேட் எல்லாம் பத்து லிட்டர் குக்கருக்குள் வைத்து, கேஸ்கெட் போட்டு மூடி, பரணில் வைத்திருக்கிறேன். அதைவிடத் தண்ணீர் புகாத பெட்டி எந்தக் கடையில் கிடைக்கும், சொல்லுங்கள்! இவர் என்னடா என்றால் சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்கிறார். எப்படி வேகும்? குக்கர்தான் வேறு வேலையில் இருக்கிறதே.

குழாய் சொட்டினாலும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேனாம், தூங்குவதே இல்லையாம். அவர் குறட்டைக்குப் பக்கத்தில் யார்தான் தூங்க முடியும்?

எனக்கு மழை என்றால் உயிர் மேடம், ஒரு காலத்தில். ரேடியோவில் ‘பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று சொன்னதும் பாவாடையைச் சுற்றிக்கொண்டு ஆடுவேன். இப்போதும் அதையேதான் சொல்கிறார்கள், நான் கார் சாவியைத் தேடுகிறேன். மழை மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா என்று கேட்டால், சந்தேகமே இல்லை, மழைதான். ஒரு வாரத் துணியை ஒரே தடவையில் மெஷினில் திணிக்கிற மாதிரி, ஒரு மாசத்து மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. கோடையோ அதற்கு அண்ணன். முன்பெல்லாம் எந்த மாசம் எதைக் காயப்போடலாம் என்றாவது தெரியும். இப்போது வற்றல் போடுவதற்கே வானிலை அறிக்கை கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, இவருக்கு மனசு சரியில்லையே என்று ஒரு ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண். இவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கிறாள்! “எப்போதிலிருந்து இப்படி இருக்கு மேடம்?” என்கிறாள். “கல்யாணம் ஆனதிலிருந்தே இப்படித்தாம்மா இருக்கார்” என்றேன். இவர் சிரிக்கிறார். பருவநிலை மாறுவதால் வருகிற பதற்றமாம், இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறதாம். பேரெல்லாம் வைத்துவிட்டார்கள். காது குத்துவதுதான் பாக்கி.

அவள் சொன்னதை எல்லாம் செய்தேன், செய்யாமல் இல்லை. மழைச் செய்தியை ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான் பார்க்க வேண்டுமாம். இரண்டே தடவைதான் பார்க்கிறேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு தடவை, மத்தியானத்திலிருந்து படுக்கிறவரை ஒரு தடவை. கவலைப்படுவதற்கு என்று தினம் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டுமாம், மற்ற நேரத்தில் கவலை வந்தால் “அப்புறம் வா” என்று அனுப்பிவிட வேண்டுமாம். எனக்குச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஐந்தே முக்கால் கொடுத்தாள். கவலை என்ன கார்ப்பரேஷன் தண்ணீரா, நேரம் வைத்துத் திறந்துவிட? பதற்றம் வந்தால் சுற்றிலும் கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்ல வேண்டும். சொன்னேன். கல் மேல் ஃபிரிட்ஜ், பீரோ மேல் மிக்ஸி, பரண் மேல் குக்கர், கட்டில் மேல் அரிசி மூட்டை. ஐந்தாவது சொல்வதற்குள், இன்னும் நாலு கல் வாங்கிப் போட்டால் நல்லது என்று தோன்றிவிட்டது.

கடைசியாக ஒன்று சொன்னாள். “உங்க பயம் யாரைப் பத்தினதோ, அவங்ககிட்டயே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிடுங்க மேடம்.” நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வெளியே வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

யாரைப் பற்றியா? யாரைப் பற்றியும் இல்லை. என் மகள் அனுஷா. ஒரே மகள். இப்போது எட்டு மாசம்.

செப்டம்பரில் கோயம்புத்தூரில் வைத்து வளைகாப்பு நடத்தினோம். வளையல் அடுக்கினதும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதுதானே வழக்கம்? நான் வளையல் போட்டேன், ஐந்து வகைச் சாதம் செய்தேன், எல்லாருக்கும் தாம்பூலம் கொடுத்தேன், மகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சம்பந்தியம்மா வாசல் வரைக்கும் வந்து, “ஏனுங்க, புள்ளைய மறந்து வெச்சுட்டுப் போறீங்களே?” என்றார். குடையை மறந்த மாதிரி.

“ஐப்பசியும் கார்த்திகையும் எங்க வீட்டுக்கு ஆகாதுங்க” என்றேன்.

“அது எந்தப் பஞ்சாங்கத்துலங்க போட்டிருக்குது?”

“பஞ்சாங்கம் இல்லங்க, எங்க வீட்டு வழக்கம்.”

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரருக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதற்காகவாவது அவரை மெச்ச வேண்டும்.

அப்புறம் அவள் போன் செய்தாள். “அம்மா, நான் அங்க வரக் கூடாதா?” “கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரி நல்லா இருக்குடி” என்றேன். “ஆஸ்பத்திரியப் பத்தியா கேட்டேன்?” என்றாள். “சிறுவாணித் தண்ணி வேற” என்றேன். “எனக்கு நீ வேணும்கறேன். நீ தண்ணி நல்லா இருக்குங்கறே” என்று வைத்துவிட்டாள். அதோடு பேச்சு இல்லை. சமாசாரம் எல்லாம் மாப்பிள்ளை மூலம்தான், அதுவும் முதல் எழுத்தில். பத்தொன்பது நாள். எண்ணவில்லை, சும்மா தெரியும்.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன? நாளைக்கு உங்களை நான் பார்க்கப்போகிறேனா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வெள்ளத்தில் எதிர்வீட்டு மருமகள் மேகலா நிறைமாசம். வலி வந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, கறுப்பு பிளாஸ்டிக், அதைப் பாதியாக அறுத்து அதில் அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே குடை பிடித்துக்கொண்டு போனேன். இடுப்பளவு தண்ணீரில் குடை எதற்கு என்று கேட்காதீர்கள், கைக்கு ஏதாவது வேலை வேண்டாமா? “ஆன்ட்டி, விட்டுராதீங்க ஆன்ட்டி” என்று இந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மெயின் ரோடு வரைக்கும் விடவில்லை.

பிள்ளை நன்றாகத்தான் பிறந்தான். இப்போது இரண்டு வயசு, என் துளசித் தொட்டியை மூன்று தடவை கவிழ்த்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஒன்றும் இல்லை. இந்த மணிக்கட்டு மட்டும் மேகம் கறுத்தால் இறுக்கிப் பிடித்த மாதிரி வலிக்கிறது. வாயு. வாயுதான்.

ஒரு நிமிஷம், போன் அடிக்கிறது. இவராகத்தான் இருக்கும், எங்கேயாவது டீ குடித்துக்கொண்டு... மேடம், நான் படிக்கிற கண்ணாடி எடுத்து வரவில்லை. என்ன பேர் என்று பாருங்கள். அனுஷாவா? சரியாகப் பாருங்கள். அனுஷாதானே?

ஹலோ. ம்... சாப்பிட்டியா?... நானா, பாலத்துலதான் இருக்கேன்... ஆமா, நான்தான் போட்டேன். அப்பா உனக்கு அனுப்பிட்டாரா? அவருக்கு வேற வேலை இல்லை... உன் வீட்டுக்காரர்தான்டி சொன்னார், எஃப்.எல். அறுபத்தஞ்சுன்னு... ஃபிளட் லெவல்... இல்லையா? அப்போ என்ன?... என்ன லெங்த்?... யாரோடது?

மேடம், நான் அப்படிச் சுவரோரமாகப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ரொம்ப நேரம் ஆகிவிட்டதா? கண்ணில் தூசி. பாலத்தில் காற்று அதிகம்.

எஃப்.எல். என்றால் ஃபீமர் லெங்த்தாம். தொடை எலும்பின் நீளம். காலையில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, கால் மட்டும் சராசரியைவிடக் கொஞ்சம் நீளம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் அந்த மனிதர் முதல் எழுத்தில் எழுதித் தொலைத்திருக்கிறார். என் பேரக்குழந்தையின் தொடை எலும்பை நான் வெள்ளம் என்று படித்து, சென்டிமீட்டராக மாற்றி, உங்களையெல்லாம் பாலத்தில் ஏற்றிவிட்டேன்.

சிரியுங்கள், சிரியுங்கள், ஏன் அடக்குகிறீர்கள்? அவளும் சிரித்தாள். “அறுபத்தஞ்சு சென்டிமீட்டர் தொடைன்னா, நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா பெத்துக்கப் போறேன்?” என்று கேட்டாள். பத்தொன்பது நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே வந்தவள் நடுவில் அழ ஆரம்பித்துவிட்டாள். “என் குழந்தைகூட உனக்கு வெள்ளமாத்தாம்மா தெரியுது” என்றாள்.

நான் எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் மேடம். ஆஸ்பத்திரி, சிறுவாணி, ஐப்பசி, எல்லாம் ஏற்கெனவே சொல்லித் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் சொன்னேன். அந்தத் தொட்டி, குடை, மணிக்கட்டு, உங்களிடம் சொன்னேனே, அது எல்லாம். உங்களிடம் ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று. “அந்தத் தொட்டியில தினம் உன்னைத்தான்டி உட்கார வெச்சுப் பார்க்கறேன். அதான் வராதேன்னேன்” என்றேன்.

“நான் உனக்குத் தொந்தரவுன்னு நினைச்சேம்மா” என்றாள். எத்தனை மார்க் வாங்கினாலும் இவளுக்கு மூளை மட்டும் அப்பா வழி.

“தாய்வீட்டுக்கு வரணும்னா, வீட்டுக்கேதான் வரணுமா? தாய் வந்தா போதாதா? நீ இங்க வந்துடு. நாங்க ஆறாவது மாடி” என்றாள்.

“லிஃப்ட் நின்னு போச்சுன்னா?” என்றேன்.

“அதைச் சாயங்காலம் அஞ்சரைக்குக் கவலைப்படு.”

யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு? இவர்தான். வீட்டில் எது நடந்தாலும் உடனே மகளிடம் ஒப்பித்துவிடுவது. அது மட்டுமா? நாளைக் காலை கோவை ரயிலுக்கு எனக்கு டிக்கெட் இருக்கிறதாம். நான் போட்டேனா? இவர் போட்டு வைத்திருக்கிறார். எப்போது? அவள் போனை வைத்த அன்றைக்கு. பத்தொன்பது நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து வேகாத பருப்பைச் சாப்பிட்டிருக்கிறார். எமகாதகர்.

இரண்டு வருஷமாக அக்டோபரிலிருந்து பொங்கல்வரை நான் வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கினதில்லை. அண்ணனுடைய அறுபதாம் கல்யாணத்துக்கே போகவில்லை. இப்போது வீட்டை யார் பார்ப்பது? இவரா? வெள்ளம் வந்தால், “வாங்க, உட்காருங்க” என்று காபி போட்டுக் கொடுப்பார். போகட்டும். குக்கரை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு நான்தானே சமைக்க வேண்டும்? பத்திரத்தை வேறு எதிலாவது வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் இந்தக் குழுவுக்கு ஒரு திருத்தம் போட வேண்டும். நீங்களே அடித்துக் கொடுங்கள், எனக்கு எழுத்து தெரியவில்லை. ‘திருத்தம். அறுபத்தைந்து சென்டிமீட்டர் அல்ல, மில்லிமீட்டர். வெள்ளம் அல்ல, என் பேரக்குழந்தையின் கால். சிரமத்துக்கு வருந்துகிறேன்.’ கூப்பிய கை வையுங்கள். இரண்டு போதாது, நாலு வையுங்கள்.

அதற்குள் பதிலா? படியுங்கள். பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்காரர், “அப்போ நான் ஃபிரிட்ஜை இறக்கலாமா?” பாவம், முதுகு வலிக்காரர். அப்புறம்? “வாழ்த்துகள்.” “வாழ்த்துகள் ஆன்ட்டி.” “கால் நீளம் என்றால் உயரமாக வரும்.” இன்னொன்று என்ன? “வந்தது வந்தோம், வண்டி இருக்கட்டும்.” பாருங்கள்! முப்பத்தொரு காரில் ஒன்றாவது நகர்கிறதா? டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். என்னை மட்டும் பயந்தாங்கொள்ளி என்பார் இவர். வரட்டும், காட்டுகிறேன்.

நீங்களும் கிளம்பவில்லையா? சரிதான்.

உங்கள் பேர்கூடக் கேட்கவில்லை, நான் ஒருத்தி. அப்புறம் சொல்லுங்கள், முதலில் கையை நீட்டுங்கள். ஸ்கேல் இல்லை, அதனால்தான். சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்துங்கள். என்னுடையது குட்டை. உங்களுடையது சரியாக ஆறரை சென்டிமீட்டர் இருக்கும். அந்தத் தொடை எலும்பு இவ்வளவுதான் மேடம். இவ்வளவுதான். இன்னும் தரையில் ஒரு அடி வைக்கவில்லை, அதற்குள் ரெண்டு தெருவைப் பாலம் ஏற்றிவிட்டது.

அதோ கீழே ஸ்கூட்டர் திரும்புகிறது, அவராகத்தான் இருக்கும். ஏன் கையை இழுக்கிறீர்கள்? அவருக்கும் காட்ட வேண்டும், மேலே ஏறி வருகிறவரைக்கும் விரல் இப்படியே இருக்கட்டும்.